துண்டுக்குள் ஒரு விலை

இதில் சிரிக்க ஓர் இடம் உண்டு. அது கடைசியில்தான் வரும். அதுவரை பல்லைக் காட்டக் கூடாது.

"எல்லாம் தெரியுதுடா. யாராவது கேட்டா மட்டும் தொண்டை அடைச்சுக்குது" என்றாள் சிஷ்யை.

சிஷ்யையின் பெயர் சுபிக்ஷா. வயது பதினேழு. குரு, அவளுடைய சித்தி மகன் மிதுன். வயது பதினான்கு. மாடிப் போர்ஷனில் குடியிருப்பு.

குருவுக்குப் பொருளாதாரம் தெரியாது. குரல்கள் தெரியும். தலைமையாசிரியர் குரலில் பேசிப் பள்ளிக்கே ஒருமுறை அரைநாள் லீவு விட்டவன்.

வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளாதாரம் படிக்க சுபிக்ஷா விண்ணப்பித்திருந்தாள். மதிப்பெண் தேறிவிட்டது. மிச்சம் நேர்காணல். வியாழக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் ஒரு பேராசிரியர் போனில் கூப்பிடுவார். இருபது இடம். நானூறு பேர்.

"எனக்கு ஒரு வழி சொல்லு."

குரு எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

ஐந்து நிமிடத்தில் அவள் போன் அடித்தது. தெரியாத எண். கனத்த குரல், நடுநடுவே செருமல். பேராசிரியர் என்றது. சுபிக்ஷா எழுந்து நின்று துப்பட்டாவைச் சரிசெய்தாள். அப்பா என்ன செய்கிறார் என்று குரல் கேட்டது.

"பிசினஸ் சார்."

இணைப்பு அறுந்தது. மாடியில் யாரோ விழுந்து புரண்டு சிரிக்கும் சத்தம்.

மறுநாள் வேறு எண், வேறு குரல். சந்தை என்றால் என்ன என்றது. அவள் பாடப்புத்தகத்தை அப்படியே ஒப்பித்தாள். பாதியில் அறுந்தது.

தெருவில் இருந்த போன்களையெல்லாம் குரு இரவல் வாங்கினான். வழுக்கைக் குரல், சளிக் குரல், வெற்றிலைக் குரல். ஐந்தாம் நாள் அவள் எழுந்து நிற்பதை விட்டாள். எட்டாம் நாள் எதிர்த்துப் பேசினாள். அன்றைக்கு மட்டும் இணைப்பு அறுபடவில்லை.

"பேராசிரியர் எப்படியும் பதினொண்ணுக்கு மேலதான் கூப்பிடுவார். நாளைக்குப் பத்து மணிக்குக் கடைசி ஒத்திகை, அக்கா. நானே கூப்பிடுறேன்" என்றான் புதன்கிழமை.

வியாழன். பத்து அடித்தது. போனும் அடித்தது.

ஜன்னலோரக் கட்டிலில் படுத்து, காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு சுபிக்ஷா எடுத்தாள்.

"ம், கேளுங்க சார். இன்னிக்குக் குரல் ரொம்ப எடுப்பா இருக்கு."

மறுமுனை கொஞ்சம் தயங்கியது. பிறகு அப்பாவின் தொழிலைக் கேட்டது.

"மாட்டுத் தரகர். எங்க சந்தையில அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது."

விலையை எப்படிப் பேசுவார் என்றது.

"பேசவே மாட்டார். கை மேல துண்டைப் போட்டு மூடி, உள்ளுக்குள்ள விரலைப் பிடிப்பார். எத்தனை விரலோ அதுதான் விலை. பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடத் தெரியாது."

விலை எல்லோருக்கும் தெரிந்தால்தான் சந்தை ஒழுங்காக நடக்கும் என்று புத்தகங்கள் சொல்கின்றனவே என்றது குரல்.

"அதை எழுதினவங்க மாடு வித்திருக்க மாட்டாங்க. ஒருத்தன் குறைச்சுக் கேட்டது வெளியே தெரிஞ்சா, அடுத்தவனும் அதுக்கு மேல ஏற மாட்டான். மாட்டுலதான் ஏதோ கோளாறுன்னு நினைப்பான். துண்டு அந்த மாட்டோட மரியாதையைக் காப்பாத்துது."

"இரண்டு பக்கத்து விலையும் தெரிந்தவர் உங்கள் அப்பா மட்டும்தான். அவர் பொய் சொன்னால்?"

"அடுத்த வாரமும் அவர் அதே சந்தைக்குத்தான் வரணும். பொய் சொன்னவர் துண்டுக்குள்ள எவன் கையை விடுவான்? இருபத்திரண்டு வருஷமா எங்கப்பா துண்டுக்குள்ள கை வந்துக்கிட்டே இருக்கு சார்."

பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது.

"மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு திமிராக யாரும் பதில் சொல்லவில்லை" என்றது குரல். அதில் சிரிப்பு இருந்தது.

பெருமை பிடிபடாமல், மாடியைப் பார்த்துக் கத்துவதற்காக அவள் படுத்தபடியே ஜன்னலில் தலையை நீட்டினாள்.

வெளியே குழாயடியில் மிதுன் நின்றிருந்தான். வாயில் பிரஷ். மோவாய் வரை நுரை. ஒரு கையில் சொம்பு.

"அடுத்த கேள்விக்குப் போகலாமா?" என்றது போன்.

சுபிக்ஷாவின் கால் சுவரிலிருந்து இறங்கியது.

"சார்... நிஜமாவே நீங்கதானா?"

"நான்தான். வேறு யாரென்று நினைத்தீர்கள்?"