எட்டுப் பேர் பாடிய வரி

ஜப்பானின் பழைய முகமூடி நாடகமான ‘நோ’வின் ஆசான் தொமொஹிசாவுக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்த மாணவர் ஒருவர் இருந்தார். பெயர் மொரிதா. கியோட்டோவில் சிறிய பிரார்த்தனைச் சபை ஒன்றை நடத்திவந்தார். புத்தரைக் கும்பிடுகிறவர், கிறிஸ்துவைக் கும்பிடுகிறவர், எதையுமே கும்பிடாதவர் எல்லாரும் அங்கே சேர்ந்து உட்காரலாம். நீ எதை நம்புகிறாய் என்று வாசலில் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த வசந்தத்தில் மொரிதாவின் மனைவி இறந்துபோனார்.

ஒரு நாள் பயிற்சி முடிந்தும் மொரிதா எழுந்திருக்கவில்லை.

“கால் மரத்துவிட்டதா? வயதாகிவிட்டதென்றால் சொல்லுங்கள், நாற்காலி போடுகிறேன்,” என்றார் ஆசான்.

“இல்லை குருவே. இந்த ஞாயிற்றுக்கிழமையோடு சபையை விட்டுவிடப் போகிறேன்.”

“ஏன்?”

“பிரார்த்தனையை ‘நன்றி’ என்றுதான் தொடங்குவேன். இருபது வருஷமாகச் சொன்ன வார்த்தை. இப்போது வாய் மட்டும் சொல்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. அந்த நல்ல மனிதர்களை ஏமாற்றுகிறேன்.”

“சனிக்கிழமை மேடை இருக்கிறதே. முடியட்டும், பேசலாம்.”

மொரிதாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இந்தப் பதிலுக்கா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்?

சனிக்கிழமை அவருக்குக் கிழவன் வேடம். மனைவியைப் பறிகொடுத்து ஊர் ஊராக அலைகிறவன். முகமூடியின் கண் துளைகள் மிகச் சிறியவை. மேடைத் தூணை அடையாளம் வைத்துத்தான் அடி வைக்க வேண்டும். மேடையோரம் பாட்டுக் குழுவாக எட்டுப் பேர் அமர்ந்திருந்தார்கள். நடிப்பவர் தடுமாறினால் வரி எடுத்துக்கொடுக்க, பின்னால் ஆசானே உட்கார்ந்திருந்தார்.

‘அவள் நடந்த பாதையில் நான் தனியே நடக்கிறேன்’ என்ற வரி வந்தது. மொரிதா நின்றுவிட்டார்.

ஆசான் மெல்லிய குரலில் வரியை எடுத்துக்கொடுத்தார். மொரிதா மறக்கவில்லை. குரல்தான் வரவில்லை.

எட்டுப் பேரும் அந்த வரியை எடுத்துக்கொண்டார்கள். ‘நான் தனியே நடக்கிறேன்’ என்று பாடினார்கள். அந்தப் பாட்டுக்கு மொரிதா நடந்தார். அடுத்த வரிக்கு அவர் குரல் திரும்பியிருந்தது.

நாடகம் முடிந்ததும் உள்ளே ஆசான் மொரிதாவின் முகமூடியைக் கழற்றினார். உட்புறம் ஈரமாயிருந்தது.

“இருநூறு வருஷத்து முகமூடி. நனைத்துவிட்டீர்களே,” என்று சொல்லிக்கொண்டே துணியால் ஈரத்தை மெல்ல ஒற்றியெடுத்தார். முதலில் மொரிதாவின் கன்னத்தில், பிறகு முகமூடியில்.

“மன்னித்துவிடுங்கள் குருவே. என் வரியை நான் பாடவில்லை.”

“பார்த்தேன்.”

“மற்றவர்கள் பாட, நான் சும்மா நடந்தேன். இங்கேயும் ஏமாற்றிவிட்டேன்.”

“அந்த எட்டுப் பேரில் மனைவியைப் பறிகொடுத்தவர் யார்?”

மொரிதா யோசித்தார். “யாருமில்லை. இரண்டு பேருக்குக் கல்யாணமே ஆகவில்லை.”

“அவர்கள் ‘நான்’ என்று பாடியது பொய்யாகவா பட்டது உங்களுக்கு?”

“இல்லை குருவே. அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.”

ஆசான் முகமூடியைப் பட்டுப் பைக்குள் வைத்தார்.

“உங்கள் சபையில் ‘நன்றி’ சொல்கிறவர்கள் எத்தனை பேர்?”

“நாற்பத்து மூன்று.”

“இங்கே உங்கள் வரியைப் பாட எட்டுப் பேரே போதுமாயிருந்தது,” என்றார் ஆசான்.