முட்டுக்கட்டைக்கு இருபது கசையடி

கோபம் வந்தால் உடனே ஒரு சட்டம் போட்டுவிடுவது செங்குன்றபுரி மன்னர் வீரகேசரியின் வழக்கம். அந்த முறை கோபம் வந்தது குழாய் வேலையால்.

மலையடி ஏரியிலிருந்து அரண்மனைத் தோட்டத்துக்குச் சுடுமண் குழாய் பதிக்க, இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பௌர்ணமிக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று மன்னருக்கு வாக்குக் கொடுத்திருந்தார் மேற்பார்வை அதிகாரி திருமேனியார். பள்ளத்துக்கு மேலே, குடை நிழலில், வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்திருப்பதுதான் அவருடைய மேற்பார்வை.

அன்று அவர் மண் வெட்டுபவர்களின் தலைவன் சடையனைச் சபைக்கு இழுத்து வந்தார்.

"அரசே! இவன் வேலைக்கு முட்டுக்கட்டை போடுகிறான். ஆட்களைப் பள்ளத்தில் இறங்கவே விடமாட்டேன் என்கிறான்!"

மன்னரின் மீசை துடித்தது. "என் வேலைக்கே முட்டுக்கட்டையா? போடுகிறவன் யாராக இருந்தாலும் இருபது கசையடி. இது சட்டம்!"

சடையன் கும்பிட்டான். "சாமி, நேத்து கரை சரிஞ்சு எங்க காத்தான் இடுப்பு வரைக்கும் புதைஞ்சுட்டான். அவனை வெளிய எடுக்கறதுக்குள்ள எங்களுக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. ரெண்டு பக்கமும் பலகை வச்சு, கரை சரியாம கட்டையால முட்டுக் கொடுத்தாத்தான் இறங்குவோம்னு சொன்னேன். அது தப்பா?"

"கட்டை வெட்டி வந்து நிறுத்த நாலு நாள் ஆகும், அரசே. கரை கல் மாதிரி நிற்கிறது. தினமும் நான் பார்க்கிறேனே!" என்றார் திருமேனியார்.

அமைச்சர் மருதவாணர் மெல்லக் கனைத்தார். அவர் கனைத்தால் யாருக்கோ வம்பு என்று சபைக்கே தெரியும்.

"அரசே, அதிகாரி பார்த்தது மேற்பார்வை. சடையன் பார்த்தது கீழ்ப்பார்வை. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று அதிகாரியே ஒருமுறை இறங்கிப் பார்த்துச் சொல்லட்டும். பிறகு சடையனை அடிக்கலாம். கசை எங்கே ஓடிவிடப் போகிறது?"

மன்னருக்கு அது நியாயமாகப் பட்டது. எல்லோரும் பள்ளத்துக்குக் கிளம்பினார்கள்.

"ஏணி எங்கே?" என்றார் திருமேனியார்.

"ஏணி இருந்தா ஆளுங்க அடிக்கடி மேல வர்றாங்கன்னு நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க, ஐயா" என்றான் சடையன்.

அதிகாரியின் இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்கினார்கள்.

"எப்படி இருக்கிறது?" என்று மன்னர் குனிந்து கேட்டார்.

"க... கல் மாதிரி, அரசே!"

மருதவாணர் கரையோரத்தில் குதிகாலை லேசாக அழுத்தினார். ஒரு பிடி மண் அதிகாரியின் தலைப்பாகையில் விழுந்தது. மருதவாணர் காலை எடுத்துவிட்டார். மண் நிற்கவில்லை. தேங்காய் அளவு கட்டி ஒன்று தானாகவே பெயர்ந்து, அதிகாரியின் காலடியில் தொப்பென்று விழுந்தது. மருதவாணரே இரண்டடி பின்வாங்கினார்.

"ஐயோ! டேய் சடையா! முட்டுக்கட்டை போடுங்கடா! சீக்கிரம் முட்டுக்கட்டை போடுங்க!" என்று உள்ளேயிருந்து அலறினார் அதிகாரி.

கயிற்றை முதலில் பிடித்து இழுத்தவன் சடையன்தான். அவன் மனசே மனசு!

அதிகாரியின் தலை மேலே தெரிந்ததும் மருதவாணர் மன்னரிடம் திரும்பினார். "அரசே, தங்கள் வேலைக்கு முட்டுக்கட்டை போடச் சொல்கிறார். சட்டப்படி இருபது. இங்கேயே கொடுப்பதா, சபையிலா?"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதவாணருக்குப் போட்டார்.

"கசையடி யாருக்கும் வேண்டாம். பௌர்ணமி அடுத்த மாதமும் வரும். ஆனால் நாளைக் காலை முதல் அதிகாரியின் மேற்பார்வை பள்ளத்துக்குள்ளே உட்கார்ந்துதான். இது சட்டம்!"

நாலு நாள் ஆகும் என்ற கட்டைகள் அன்று பொழுது சாய்வதற்குள் நின்றுவிட்டன. பாதிக் கட்டைகளைச் சுமந்து வந்தவர் திருமேனியார்.