அடைகாத்த குடை

முன்பொரு காலத்தில், வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஈரங்கோட்டு நாட்டை மழவரையன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவனுடைய செல்ல யானை மங்கலத்துக்குக் காலில் புண் வந்து எழ முடியாமல் போனபோது, "அது எழுந்து நடக்கும்வரை ஊன் தொடமாட்டேன்" என்று கோயிலில் விரதம் பூண்டுவிட்டான். கறி இல்லாமல் ஒரு வேளைகூடச் சாப்பிடாதவன் ராஜா. அரண்மனையில் எல்லோருக்கும் யானையைவிட அவனை நினைத்துத்தான் கவலை.

தலைமைச் சமையல்காரன் பேச்சிமுத்து, ராஜா இளைப்பதைப் பார்க்கச் சகிக்காமல், கொல்லையில் முளைத்த காளானைப் பறித்து மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தான். ராஜா நாலு வாய் ஆசையாகச் சாப்பிட்டான். ஐந்தாவது வாயில் முகம் மாறியது.

"இது கறி மாதிரி இருக்கிறதே!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த விருதுராயருக்கு இது போதாதா? அரண்மனைப் பண்டிதர் அவர். தனக்கும் ஒருவன் பின்னால் குடை பிடித்துவர வேண்டும் என்று வெகுநாளாக ராஜாவை நச்சரித்துக்கொண்டிருந்தார். அந்தக் குடை மரியாதை மந்திரி ஓதியப்பருக்குக் கிடைத்ததில் அவருக்கு வயிறெல்லாம் எரிச்சல். பேச்சிமுத்துவை வேலைக்குச் சேர்த்தவர் ஓதியப்பர் என்பதும் அவருக்குத் தெரியும்.

"மாதிரி என்ன அரசே, கறியேதான்! காளானுக்கு இலை உண்டா? பூ உண்டா? விதை உண்டா? பச்சை நிறமாவது உண்டா? ஆகவே இது மரக்கறி அல்ல. மரக்கறி அல்லாதது மாமிசம். தங்கள் விரதத்தைக் கெடுத்துவிட்டான் இந்தப் பாவி!"

ராஜாவுக்கு யானை ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. "நாளைச் சபையில் தீர்ப்பு. இது மாமிசம்தான் என்றால் பேச்சிமுத்து குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான்!"

பேச்சிமுத்து மந்திரி காலில் விழுந்தான். "சாமி, புள்ளகுட்டியக் கூட்டிக்கிட்டு இந்த மழையில நான் எங்க போவேன்?"

ஓதியப்பருக்கும் உள்ளுக்குள் கலக்கம்தான். ராயர் சொன்னதில் பாதி சரியாக இருந்ததே, அதுதான் தொல்லை. காளானுக்கு நிஜமாகவே இலையும் இல்லை, பூவும் இல்லை. காதுமடலைத் தடவிக்கொண்டே சமையற்கட்டுக் கொல்லைப் பக்கம் போனார். அங்கே நனைந்து மட்கிய வைக்கோல் போரைக் கிளறிப் பார்த்தவர், கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றார். அப்புறம் சிரித்தார். ஒரு கூடை கொண்டுவரச் சொல்லி, போரின் ஒரு பிடியை அலுங்காமல் அப்படியே பெயர்த்து வைத்தார்.

அன்று மாலையே ராஜா முன்னால் கூடையை வைத்து, "ராயரே, இது என்னவென்று நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார். வைக்கோலுக்கு நடுவே உருண்டையாய், சாம்பல் பூத்த வெள்ளையில் நாலைந்து கிடந்தன.

ராயர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "முட்டை. கௌதாரி முட்டை."

"நிச்சயமாகவா?"

"முட்டையைக் கண்டறியாதவனா நான்? பொரிந்தால் தெரியும்!"

"சரி, பொரியட்டும். நீங்களே காவல் இருங்கள். நான் மாற்றிவிட்டேன் என்று நாளைக்குச் சொல்லக்கூடாது பாருங்கள்."

ராயர் ஓர் அடைக்கோழியைக் கொண்டுவரச் செய்து கூடையில் உட்கார வைத்தார். கோழி ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டது. அதற்கு விளங்கிய விஷயம் ராயருக்கு விளங்கவில்லை. "திமிர் பிடித்த கோழி" என்று திட்டிவிட்டு, தன் சரிகைச் சால்வையைக் கூடைமேல் போர்த்தி, விடியும்வரை பக்கத்திலேயே படுத்திருந்தார்.

காலையில் சபை கூடியது. கூடை வந்தபோது சால்வை அங்கங்கே கூம்பாகப் புடைத்துக்கொண்டு நின்றது. "பொரிந்துவிட்டது!" என்று ராயர் கையைத் தட்டினார். ராஜாவே சால்வையை எடுத்தான். மேலோடு கிழிந்து, உள்ளிருந்து மூன்று காளான்கள் குடை விரித்து நின்றன.

சபை கொல்லென்று சிரித்தது. ஓதியப்பர் மட்டும் சிரிக்கவில்லை. விரியாத உருண்டை ஒன்றைப் பழம் நறுக்கும் கத்தியால் நெடுக்காகப் பிளந்து நீட்டினார்.

"பாருங்கள் அரசே. கருவும் இல்லை, ரத்தமும் இல்லை, எலும்பும் இல்லை. காம்போடு ஒரு குட்டிக் குடைதான் மடங்கிக் கிடக்கிறது. இது மாமிசமா?"

"இல்லை. அப்படியென்றால் செடியா?"

"செடியும் இல்லை. அந்த மட்டில் ராயர் சொன்னது சரி." வைக்கோலைப் பிரித்துக் காட்டினார். உள்ளே வெள்ளை இழைகள் நூலாய்ப் பின்னிக் கிடந்தன. "இவை வேர் இல்லை. வைக்கோலை மட்கவைத்து உறிஞ்சுகிற இழைகள். காளானுக்கு உடம்பே இதுதான். நாம் பறிப்பது அது வெளியே நீட்டுகிற குடையை மட்டும். செடிக்கு வெயில் வேண்டும். இது சால்வை இருட்டிலேயே வளர்ந்துவிட்டது. விலங்குக்கு வாய் வேண்டும். இதற்கு அதுவும் இல்லை. இது மூன்றாவது குலம் அரசே. ராயர் உலகத்தில் இரண்டே குலம் வைத்திருக்கிறார், அதுதான் கோளாறு."

"பிறகு ஏன் கறி போல ருசித்தது?"

"அது காளான் குற்றம் இல்லை. பேச்சிமுத்துவின் கைமணம்."

ராஜாவுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. விரதம் கெடவில்லை! தன் கை மோதிரத்தைக் கழற்றி ஓதியப்பர் விரலில் போட்டான். பேச்சிமுத்துவுக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டினான். அப்புறம் கூடையிலிருந்து பெரிய காளானாகப் பார்த்துப் பிடுங்கி ராயர் கையில் கொடுத்தான்.

"ராயரே, குடை வேண்டும், குடை வேண்டும் என்றீரே. இது நீரே அடைகாத்த குடை. சபை கலையும்வரை பிடித்துக்கொண்டு நில்லும்."

ராயர் நின்றார். பாவம், கை வலித்திருக்கும்.

மத்தியானப் பந்தியில் அவர் இலையில் குழம்பை ஊற்றிய பேச்சிமுத்து, பணிவாகக் குனிந்து கேட்டான்: "ஐயா, இது மரக்கறிங்களா, மாமிசமுங்களா?"

ராயர் தலை நிமிரவில்லை.

"காளான்," என்றார். "இன்னும் ஒரு கரண்டி விடு."