குப்பை என்று பெயரிட்ட ஃபைல்

"டீச்சர், பாட்டு செத்துப்போச்சுங்க."

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் இதைச் சொன்னவர் நல்லசிவம். வயது ஐம்பத்தாறு. முப்பது வருடம் சென்னையில் சினிமாவுக்கு ஒலிக்கலவை செய்தவர். பறக்கிற கொசு ஆணா பெண்ணா என்று காதாலேயே சொல்லிவிடுவார் என்று ஸ்டுடியோவில் கேலி பேசுவார்கள்.

டீச்சர் கிளாரிந்தா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காட்டில் அவர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் கூடுவார்கள். அந்தக் காலத்தில் லண்டன் ஹோட்டல்களில் ஜோடி ஜோடியாக ஆடுகிறவர்களுக்காக வாசித்த பேண்டுகளின் ரெக்கார்டுகளைப் போடுவார். ஒரு பக்கம் மூன்று நிமிடம். ஓடும்போது யாரும் வாயைத் திறக்கக்கூடாது.

முடிந்ததும் யாராவது கேள்வி கேட்டால், ஊசியை மாற்றி அதே பக்கத்தைத் திரும்பப் போடுவார்.

அதுதான் பதில். அதனால்தான் டீச்சர்.

"உள்ள வாங்கண்ணா. நான் குடுத்த ரெக்கார்டு எங்க?"

நல்லசிவம் துணிப்பையைத் திறந்தார். உள்ளே நாலு துண்டு.

மலை ஏறும் பஸ்ஸில், பதினெட்டாவது வளைவில், யாருடைய அரிசி மூட்டையோ சரிந்து பையின்மேல் விழுந்திருந்தது. அரக்குத் தட்டு. அப்பளம் தாங்குமா?

உலகத்தில் இன்னொரு பிரதி இருக்கிறதா என்று கிளாரிந்தா பத்து வருடம் தேடியிருக்கிறார். கிடைத்ததில்லை.

கிளாரிந்தா துண்டுகளை மேசையில் வட்டமாக அடுக்கினார். அவர் முகம் வாடிப்போனது.

"திட்டிருங்க டீச்சர்."

"திட்டினா ஒட்டிக்குமாண்ணா?"

நல்லசிவம் தலையைக் குனிந்துகொண்டு லேப்டாப்பைத் திறந்தார்.

"சுத்தம் பண்ணின காப்பி இருக்குங்க. அதைத்தான் எடுத்துட்டு வந்தேன். கேளுங்க. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல."

பாட்டு ஓடியது. சாக்ஸபோன்கள் பளிச்சென்று வந்தன. டிரம்பெட் துல்லியமாக இருந்தது. பாதிப் பாட்டு போனபின் பாடகர் எழுந்து அரை நிமிடம் பாடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்து வழக்கம் அது. அவர் பெயரை லேபிளில் போடுவதுகூட இல்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால், இதே கூடத்தில், அந்த அரை நிமிடத்தைக் கேட்டுத்தான் நல்லசிவத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பத்துப் பேர் எதிரில் வெட்கமில்லாமல் அழுதார். இதைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று கெஞ்சி வாங்கிப் போனதும் அன்றைக்குத்தான்.

இன்று பாட்டு முடிந்தது. எதுவும் நடக்கவில்லை.

"ஒரு தப்பும் இல்ல பாருங்க. நாலு மாசம் உட்கார்ந்தேன். கீறல், பொரியற சத்தம், இரைச்சல், எல்லாம் போச்சு. ஆனா பொம்மைங்க வாசிக்கற மாதிரி இருக்கு. நான் கொன்னுட்டேன் டீச்சர்."

"அழுக்கோட எடுத்த முதல் காப்பி?"

"அழிச்சுட்டேன். ரெக்கார்டே கையில இருக்கு, அது வேற எதுக்குன்னு..."

தன் கெட்டிக்காரத்தனத்தை அவரே நொந்துகொண்டார்.

கிளாரிந்தா எழுந்து போய் இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தார். நல்லசிவம் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"சலிச்ச கப்பி எங்கண்ணா?"

"என்னங்க?"

"மாவு சலிச்சா சல்லடையில கப்பி நிக்கும்ல. பாட்டுல இருந்து எடுத்ததை எல்லாம் எங்க கொட்டினீங்க?"

நல்லசிவத்துக்கு அந்த வருத்தத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "அது தனி ஃபைலா கிடக்குதுங்க. கைதவறிப் பாட்டையும் சேர்த்து வெட்டிட்டமான்னு சரிபார்க்க அப்படி வைக்கறது வழக்கம். பேரே குப்பைன்னுதான் போட்டிருக்கேன்."

"சரிபார்த்தீங்களா?"

"பத்து செகண்டு கேட்டேன். வெறும் இரைச்சல்."

"மூணு நிமிஷமும் போடுங்க."

போட்டார்.

ஓட்டு வீட்டின்மேல் மழை பெய்கிற மாதிரி இருந்தது. நடுநடுவே கீறல்கள். நல்லசிவம் வாயைத் திறந்தார். கிளாரிந்தா விரலை உயர்த்தினார். ரெக்கார்டு ஓடும்போது பேசக்கூடாது.

நல்லசிவம் கண்ணை மூடிக்கொண்டார்.

மழைக்கு அடியில் ஏதோ தட்டியது. டக், டக், டக், டக். கீறல் இவ்வளவு ஒழுங்காக வராது. அது ஷூ போட்ட ஒரு கால். யாரோ மரத்தரையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நாற்காலி ஒன்று முனகியது. யாரோ தாளைப் புரட்டினார்கள். கொஞ்சம் தள்ளி ஒருவர், ஏதோ நன்றாக அமைந்துவிட்ட சந்தோஷத்தில், மூக்கால் சிரித்தார்.

நல்லசிவத்தின் முதுகு நிமிர்ந்தது. கைமுடி ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. எத்தனை பெரிய அறை அது! அவரால் அதன் சுவர்களைக்கூடக் கேட்க முடிந்தது. வாத்தியச் சத்தம் ஒன்றுகூட இல்லை. வாசிக்கிற மனிதர்கள் மட்டும் இருந்தார்கள், பத்துப் பன்னிரண்டு பேர், அவரைச் சுற்றி.

பாடகர் எழ வேண்டிய இடம் வந்தது. துணி உரசியது. இரண்டு அடி எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

பிறகு, மிக அருகில், ஒருவர் மூச்சை இழுத்தார்.

அவ்வளவுதான். பாட்டு வரவில்லை. மழை மட்டும் பெய்தது.

நல்லசிவம் பதறிப்போய் நிறுத்தினார். கன்னம் நனைந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"டீச்சர், உள்ள ஆளுங்க இருக்காங்க!"

"ம்."

"அவர் மூச்சு வாங்கறார் டீச்சர். என் காதுகிட்ட. எனக்குக் கேட்டுச்சு."

"மூச்ச இழுத்துட்டு அப்படியே நிக்கறாரு, பாவம்" என்றார் கிளாரிந்தா. "ரெண்டு ஃபைலையும் ஒண்ணா ஓட்டுங்கண்ணா. பாடட்டும்."