தோகை உதிர்ந்த சொக்கன்

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். அது இப்போது இல்லை. இப்போது ஒரு மயில் அழுதுகொண்டிருக்கிறது. அழுகிறவனைப் பார்த்துச் சிரிப்பது மரியாதை இல்லை. கொஞ்சம் பொறுங்கள்.

மயிலின் பெயர் சொக்கன். ஆண்மயிலுக்கு வருஷா வருஷம் தோகை உதிரும், அப்புறம் தானாக முளைக்கும். காட்டுக்கே தெரிந்த சங்கதி. சொக்கனுக்கும் தெரியும். ஆனாலும் கடைசி இறகு விழுந்ததும் ஈச்சம்புதருக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

"வெளியே போனால் காடு மொத்தமும் என் பின்பக்கத்தைத்தான் பார்க்கும்!"

எதிரே குளக்கரை. கரையில் ஒரு கரையான் புற்று. நேற்று நல்ல மழை. இன்று சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். ஈசல் என்றால் சொக்கனுக்கு உயிர். ஒளிந்த நாளிலிருந்து அவன் வயிற்றில் நாலு ஈச்சங்காய் தவிர ஒன்றும் விழவில்லை. இன்று விட்டால் அடுத்த மழை வரை இப்படியே காயவேண்டியதுதான்.

புதருக்கு மேலே கருவேல மரத்தில் கரிச்சான்குருவி உட்கார்ந்திருந்தான். பொல்லாத பயல். யார் குரலானாலும் அப்படியே எடுத்துவிடுவான். அவனுக்கும் ஈசல் என்றால் உயிர். மயில் வந்தால் பங்கு போய்விடுமே!

சொக்கன் புதரை விட்டுத் தலையை நீட்டினான்.

"ஏலே, அங்க பாருங்கலே! மொட்டைவாலன்!" என்றது காட்டுப்பன்றியின் கரகரத்த குரல்.

தலை உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு காலை நீட்டினான்.

"அடடா... இந்த உடம்புக்கா இத்தனை நாளும் அத்தனை அலட்டல்?" என்று நரி இழுத்து இழுத்துப் பேசியது.

காலும் உள்ளே போனது.

"கோழி! கோழி! யார் வீட்டுக் கோழியோ தப்பிச்சு வந்திருக்கு!" என்று குரங்கு கீச்சிட்டது.

சிரித்துவிடாதீர்கள், அந்த இடம் இன்னும் வரவில்லை.

ஒரே ஒரு தரம் நன்றாக எட்டிப் பார்த்திருந்தால் போதும். பன்றியும் இல்லை, நரியும் இல்லை, குரங்கும் இல்லை. ஆனால் அவமானம் என்றதும் மூளைக்குள் ஓர் அபாயச் சங்கு ஊதும். அந்தச் சத்தத்தில் புத்தி பேசுவது கேட்காது.

புற்றிலிருந்து ஈசல் புகை மாதிரி கிளம்பியது. கரிச்சான் பாய்ந்து பாய்ந்து பிடித்தான். பசி சொக்கனின் வெட்கத்தைத் தள்ளிவிட்டது. பின்பக்கத்தைப் புதரோடு ஒட்டியபடி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தான்.

வந்த வேகத்தில் கரையேறிய ஆமையக்காவின் மேல் இடித்துக்கொண்டான்.

"யக்கா, நீங்களும் ஒருவாட்டி சிரிச்சிருங்க. முடிஞ்சிரும்."

"எதைப் பார்த்துச் சிரிக்க?"

"என் தோகையத்தான்... போயிருச்சே!"

ஆமையக்கா கழுத்தை நீட்டி அவனை முன்னும் பின்னும் பார்த்தாள். "தோகையா? உனக்குத் தோகை இருந்துச்சா?"

சொக்கனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேலி செய்தால்கூடப் பரவாயில்லையே!

"நான் எங்க தம்பி உன்னைப் பார்த்தேன்? என் முதுகுல பாசி புடிச்சிருக்கு. எல்லாரும் அதையே பார்ப்பாங்களேன்னு காலையிலேருந்து தண்ணிக்குள்ளயே கெடந்தேன். உண்மையச் சொல்லு, ரொம்ப அசிங்கமா இருக்கா?"

"பாசியா? எங்க?" என்றான் சொக்கன்.

அந்த நேரம் பார்த்துக் கருவேல மரத்து உச்சியிலிருந்து ஆமையக்காவின் குரல் வந்தது: "ஹிஹி! வந்துட்டான்டி மொட்டைவாலன்!"

சொக்கன் கீழே பார்த்தான். ஆமையக்காவின் வாய் மூடியிருந்தது. மேலே பார்த்தான். ஆமை மரமேறியதாக அந்தக் காட்டில் தகவல் இல்லை. கிளையில் கரிச்சான் மட்டும் இருந்தான். அலகில் ஓர் ஈசல் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது நீங்கள் சிரிக்கலாம்.

"அடப்பாவி! பன்றியும் நீதானா? நரியும் நீதானா? கோழின்னு கத்துன குரங்கு... அதுவும் நீயா?"

கேட்டுக்கொண்டே சொக்கன் புற்றை நோக்கி ஓடினான். பின்பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவன் யோசிக்கவில்லை.

"டேய், டேய்! எனக்கும் கொஞ்சம் வைடா!" என்று கரிச்சான் கத்தினான். அன்று முழுக்க அவன் சொந்தக் குரலில் பேசியது அது ஒன்றுதான்.

தன் குறையை ஊரே பார்க்கிறது என்று பயந்து ஒளிகிறவன் வீணாகப் பட்டினி கிடக்கிறான், ஏனென்றால் ஊரில் அவரவர்க்குத் தம் குறையை மறைக்கவே நேரம் போதவில்லை.