வீட்டில் ஒருத்தி

ஓய்வுபெற்ற தாசில்தார் கோமதிநாயகம் வீட்டிலிருந்து ஆறு மாதத்தில் ஏழு வேலைக்காரிகள் ஓடிவிட்டார்கள். அதனால் எட்டாவதாக வந்த மாடத்தியிடம் முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாளே அவள், "ஐயா, இது ஒருத்தி செய்யுற வேலையில்ல. நான் போறேன்" என்றாள்.

அவர் அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூடத்துக்கு அழைத்து, ஒப்பந்தத்தை உரக்க வாசித்தார்: "ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன். என்னை இந்த வீட்டில் ஒருத்தியாக நடத்துவார்கள்."

"கடைசி வரிய இன்னொரு தடவ வாசிங்க ஐயா" என்றாள் மாடத்தி.

பெருமையாக வாசித்தார்.

"சரி, போகல" என்று அவருடைய சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "அம்மா குனிஞ்சு ஒரு துரும்பு எடுக்கமாட்டாக. சின்னையா படுத்த பாயைச் சுருட்டமாட்டாரு. நீங்க குடிச்ச தம்ளரக்கூட நகத்தமாட்டீக. இந்த வீட்டுல ஒருத்தின்னா நானும் இப்படித்தான இருக்கணும்? யாராச்சும் காப்பி கொண்டாங்க."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. கோமதிநாயகம் ஒப்பந்தத்தை நாலாகக் கிழித்து, "போ, போய்த்தொலை!" என்றார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் ஓட்டலிலிருந்து சாப்பாடு வந்தது. சாப்பிட்ட இலையை யார் எடுப்பது என்று பொழுது சாயும்வரை அங்கே சண்டை நடந்தது.