தாயாடு மோந்து பார்ப்பது ஏன்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த ஜீன் சிஸ்டர். என் மூத்தவள் எஸ்தர் பிறந்து, மார்பில் வாய் வைக்காமல் அழுதுகொண்டிருந்த மார்கழியில், என் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னார். அவர் ஸ்காட்லாந்து மலைப்பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர்.

விக்டோரியா மகாராணி ஆண்ட அந்தக் காலத்தில், அங்கே ஆடும் நரியும்கூடப் பேசுமாம். தாயாடு தன் குட்டியைக் குரலைக் கேட்டும் உருவத்தைப் பார்த்தும்தான் கண்டுகொள்ளும். மனுஷர் சொன்னால் அப்படியே நம்பும்.

ஹேமிஷ், எஃபி என்று ஒரு புருஷன் பெண்சாதி அங்கே பண்ணை வைத்திருந்தார்கள். குட்டி போடும் பருவத்தில் பனி கொட்டியது. மோராக் என்ற ஆடு ஒரு குட்டியை ஈன்று மயங்கிக் கிடந்தது. அது கண் திறப்பதற்குள் குட்டி விறைத்துச் செத்துப்போனது. பக்கத்தில், தாயை இழந்த இன்னொரு குட்டி பசியில் கத்தியது. எஃபிக்கு மனசு கேட்கவில்லை. செத்த குட்டியின் தோலை உரித்து, குளிருக்கும் ஆகட்டும், மோராக்கின் சாயலும் தெரியட்டும் என்று, அந்த அநாதைக் குட்டிக்குச் சட்டை போல மாட்டிக் கட்டினாள்.

"இந்தா மோராக், உன் பிள்ளை."

"நீங்க சொன்னா சரிதான், எஃபியம்மா" என்று அது பால் கொடுத்தது.

குட்டி தேறியதும் எஃபி தோலைக் கழற்றினாள்.

"அதை எரிச்சிடு" என்றான் ஹேமிஷ்.

"நல்ல தோலுங்க. காய்ஞ்சா உங்களுக்கே கையுறை தைப்பேன்."

"என் ரெண்டு விரலுக்குத்தான் காணும், கஞ்சப் பிசினாறி" என்று சிரித்துவிட்டு, மற்ற ஆடுகளைத் தேடி அவன் மலைக்குப் போனான். அவள் தோலைக் கல்சுவர்மேல் போட்டாள்.

சுவருக்குப் பின்னால், குட்டியைத் தின்னக் காத்திருந்த நரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பனிமூட்டம் இறங்கியது. நீட்டிய கை மங்கலாகத்தான் தெரிந்தது. "அம்மா, குளிருது" என்று ஒரு குரல். மறுபக்கத்திலிருந்தும் அதே குரல், "அம்மா, குளிருது." இரண்டு வெள்ளை உருவங்கள் மோராக்கை நோக்கி வந்தன.

மோராக் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. "எஃபியம்மா! ரெண்டு வருதே! எது என் பிள்ளை? சொல்லுங்க!"

எஃபி விளக்கோடு ஓடிவந்து சுவரைத் தடவினாள். தோல் இல்லை. "கர்த்தரே!" என்றாள். "ஒண்ணு நரி, மோராக். எது நரின்னு எனக்குத் தெரியலையே."

மோராக் கண்ணை மூடி, மூக்கைத் தாழ்த்தியது. ஒன்றில் அதன் சொந்தப் பாலின் வாசம். மற்றதில் தான் ஈன்றபோது வந்த பனிக்குடத்து வாசம், உயிரையே பிடித்து இழுக்கும் வாசம். ஒரு கணம் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது. அதற்கு அடியில்தான் நரி நாற்றம் அடித்தது. தலை குனிந்து அதை முட்டியது. நரி வீறிட்டு ஓடியது. அது போர்த்தி வந்த தோல் பனியில் கிடந்தது.

"இது யாரோட தோல், எஃபியம்மா?"

எஃபி அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். மோராக், பால் வாசம் வீசிய குட்டியை மடியோடு சேர்த்துக்கொண்டது. அதற்கப்புறம் மனுஷரிடம் அது ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் வம்சமும் பேசவில்லை.

அன்று முதல்தான் எந்தத் தாயாடும், நாம் என்ன சொன்னாலும், குட்டியை மோந்து பார்த்த பிறகே மடி கொடுக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆசையாக ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கினால், திருப்பி விடும்போது, அதன் தாய் மோந்து முடிக்கும்வரை கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.